எதிர் நாற்காலி

"டூ யூ லைக் ரெயின்?"

அந்த வெளிநாட்டு மாணவனிடம் கேட்டுவிட்டு, அவள் மேசைக்கடியில் விரல்களை இறுகப் பின்னிக்கொண்டாள்.

"யெஸ். வெரி ரெயின்," என்றான் அவன்.

அவர்கள் நாட்டில் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

ஆங்கிலம் பழக எந்த வழி பிடிக்கும் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். முதலில் நாடகத்தில் டிக் போட்டாள். ஒரே ஒரு வசனம். அது வாயிலிருந்து வருவதற்குள் திரை விழுந்துவிட்டது.

அடுத்து விவாத மேடை. எழுந்து நின்று "தேங்க் யூ" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்ததில், வகுப்பே அவளுக்கு 'சைலண்ட்' என்று பேர் வைத்தது. மிச்சமிருந்தது வெளிநாட்டு மாணவர்களோடு அரட்டை ஒன்றுதான். இதுவும் கைவிட்டால், அடுத்த மாதம் ஐம்பது பேர் முன்னால் ஆய்வறிக்கையை எப்படி வாசிப்பது?

"பேரும் ஊரும் கடைசி அஞ்சு நிமிஷத்துலதான் சொல்லணும். அதுவரைக்கும் இங்கிலீஷ்ல என்ன வேணா பேசுங்க," என்று ஆங்கிலத் துறை மேடம் அவசர அவசரமாக ஜோடி சேர்த்துவிட்டுப் போயிருந்தார்.

அவள் ஒவ்வொரு வாக்கியம் முடித்ததும் அவன் நோட்டில் எதையோ எழுதினான். தப்பைக் கணக்கெடுக்கிறானோ என்று முதலில் நோட்டை எட்டிப் பார்த்தாள். ஆனால் அவன் பெரிய மனசோடு தலையாட்டிக்கொண்டே இருந்தான். அவளுக்காகவே ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிதானமாகப் பேசினான்.

அந்தத் தெம்பில் சைக்கிளிலிருந்து சாக்கடையில் விழுந்த கதையைக் கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

கைபேசி அதிர்ந்தது. அம்மா.

"அம்மா! வெளிநாட்டுப் பையன்கூட அரை மணி நேரமா இங்கிலீஷ்ல பேசிட்டு இருக்கேன்! நானேதாம்மா, சத்தியமா!"

அம்மா என்னவோ கேட்டாள்.

"பயமா? இவனைப் பாத்தா யாருக்கும்மா பயம் வரும்? பாக்க லட்சணமாத்தான் இருக்கான். காதுதான் கொஞ்சம் பெருசு. அட, சத்தமாவே பேசலாம்மா, அவனுக்கு ஒரு எழுத்து புரியாது."

வைத்துவிட்டு, "சாரி" என்று சிரித்தபடி நிமிர்ந்தாள்.

அவன் இரண்டு காதும் சிவந்து போய், வாயைப் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"ஏங்க... அப்போ வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க நீங்க இல்லையா?"