அறுபது டிகிரி

கொம்பு இடப்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ட்ரோல்ஸின் கைக்கு வர இன்னும் ஒருவர்தான் பாக்கி.

மாட்டுக்கொம்பு நிறையத் தேன்மது. அதை வாங்குகிறவர் ஃப்ரிக்குக்கு, வீட்டையும் குடும்பத்தையும் காக்கிற தேவிக்கு, மனதில் இருப்பதை ஒரு வாக்கியமாவது உண்மையாகச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு வாய் குடிக்க வேண்டும்.

"கொம்பைப் பிடிச்சுக்கிட்டுப் பொய் சொன்னா வீடு விளங்காது, சொல்லிட்டேன்" என்று தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தாள் குன்வர். ஒடென்ஸ நகரில் பேருந்து ஓட்டுகிறவள். வெள்ளிக்கிழமைகளில் பூசாரி. இரண்டு வேலைக்கும் ஒரே குரல்தான்.

ட்ரோல்ஸிடம் இருந்த உண்மை ஒன்றே ஒன்று. அதை அவன் மிதிவண்டிக் கருவிப்பெட்டியில், பஞ்சர் ஒட்டும் பசைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தான்.

குன்வரின் தங்கை சோல்வாய் குளிர்காலம் முழுக்கத் தானே நூல் நூற்று, தானே நெய்த பூசை விரிப்பு. வெள்ளைக் கம்பளி, நீலக் கரை. நூற்கும் கோலைக் கையில் வைத்திருக்கும் தேவிக்கு முன்னால் கடைத்துணியை விரிக்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம். ஊர் ஓடின் சாமி பெயரில் இருந்துவிட்டுப் போகட்டும், இந்த வீடு ஓடினுடைய பெண்டாட்டி பெயரில்தான் என்பாள்.

போன வெள்ளிக்கிழமை ட்ரோல்ஸ் அதன்மேல் காபியைக் கொட்டினான். அவளுக்குத் தெரிவதற்குள் துவைத்துவிடலாம் என்று இயந்திரத்தில் போட்டான்.

அறுபது டிகிரியில்.

கறை போயிற்று. விரிப்பும் போயிற்று. கைக்குட்டை அளவில், தோசைக்கல்லைத் தாங்கும் தடிமனில் ஏதோ ஒன்று வெளியே வந்தது.

கம்பளிக்கு முப்பதைத் தாண்டக் கூடாது என்பதை அவன் பிறகுதான் படித்தான். ஃப்ரிக்கின் நாளான வெள்ளிக்கிழமையில் அந்த வீட்டில் நூற்கும் கோலோ இயந்திரமோ எதுவும் சுழலக் கூடாது என்பதை அதற்கும் பிறகு.

இப்போது மேசைமேல் கிடப்பது சன்னல் திரை. கரையை அவனே வரைந்திருந்தான். நான்கு மார்க்கர் பேனா தீர்ந்தது.

"திரை எங்க?" என்று வந்ததும் வராததுமாகக் குன்வர் கேட்டாள்.

"துவைக்கப் போட்டிருக்கேன்" என்றான் ட்ரோல்ஸ்.

"வெள்ளிக்கிழமையா?"

"நேத்து போட்டது, அக்கா" என்றாள் சோல்வாய், ரொட்டியை அறுத்தபடி.

மூடாத சன்னல் வழியாக மதிய வெயில் நேராக அவன் முகத்தில் விழுந்தது, காவல் நிலைய விளக்கைப் போல.

திரைக்கு நடுவில் முழ உயரத்தில் மரத்தால் செதுக்கிய ஃப்ரிக். அவள் காலடியில் ஒரு சாவி. சோல்வாயோடு வாழ வந்து மூன்று மாதமாகப் பூந்தொட்டிக்கு அடியில் சாவி தேடி வீட்டுக்குள் வருகிறவனுக்கு இன்று சொந்தச் சாவி. எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டால் அவன் இந்த வீட்டு மனுஷன்.

"அதுவரைக்கும் நீ விருந்தாளிதான் மாப்ளே" என்று குன்வர் ஏற்கெனவே தெளிவுபடுத்தியிருந்தாள்.

காலையிலிருந்து அவன் தேவியை ஏறிட்டே பார்க்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் எதையும் யாரிடமும் சொல்லமாட்டாள் என்பார்கள். அந்தப் பின்பாதியைத்தான் அவன் நம்பியிருந்தான்.

தபால்காரன் ப்ரெபன் கொம்பை உயர்த்தினான். "தாயே, எங்கம்மா இப்ப ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் போன் பண்றாங்க. ரொம்ப நன்றி."

குடித்தான். தாடி நனைந்தது. தாடியின் நுனியில் ஒரு சொட்டு தொங்கி, யோசித்து, விழுந்தது.

நேராகக் கரையின்மேல்.

நீலம் அவசரமே இல்லாமல் பரவத் தொடங்கியது.

குன்வர் குனிந்தாள். "என்னடி இது, சாயம் போகுது!"

சோல்வாய் ரொட்டித் தட்டை நகர்த்தி அதன்மேல் வைத்தாள். "சடங்கைப் பாருக்கா."

பிழைத்தேன் என்று நினைத்தான் ட்ரோல்ஸ். அதற்குள் கொம்பு அவன் கையில் இருந்தது.

பொய் சொன்னால் வீடு போகும். உண்மையைச் சொன்னால் அவன் போக வேண்டியிருக்கும்.

தொண்டையைச் செருமினான். "தாயே... உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்றதில்ல." கொம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். "நானும் இனிமே... அப்படியே இருந்துக்கறேன்."



ப்ரெபன் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

"அடேங்கப்பா!" என்றாள் குன்வர். "பத்து வருஷமா சடங்கு பண்றேன், இப்படி ஒருத்தனும் வேண்டிக்கிட்டதில்ல. எடு மாப்ளே சாவிய!"

அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குனிந்தான். சாவி தேவியின் காலடியில் இருந்ததால், இனிப் பார்க்காமல் தப்ப வழியில்லை.

போன வாரம்வரை வெறும் மரமாக நின்றவள் தோளில் இன்று ஒரு போர்வை இருந்தது. கைக்குட்டை அளவு. தடித்த வெள்ளைக் கம்பளி. சாயம் போகாத நீலக் கரை.

நிமிர்ந்து சோல்வாயைப் பார்த்தான். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், வேறு எதுவும் தெரியாதவளைப் போல.

சாவியை எடுக்கும்போது விரல் பட்டுப் போர்வையின் ஓரம் திரும்பியது. உள்பக்கத்தில், நீல நூலில், கடுகளவில் ஓர் எண் தைத்திருந்தது.

30.