பைனலுக்கு முதல் நாள்

"மெலனி அக்கா, ஒரு உண்மை சொல்லோணும். கோவிக்கக் கூடாது."

கதவைச் சாத்திவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான் கொட்வின். மடியில் அவனுடைய ஹெல்மெட்.

மெலனி பிசியோதெரபிஸ்ட். லண்டன் லூயிஷாம் கடைத்தெருவில், ஒரு சலூனுக்கு மேலே அவளுடைய சிறிய அறை. அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் பையன்கள் தலையில் அடிபட்டு வந்தால், மறுபடி ஆடலாமா கூடாதா என்று சோதித்துச் சொல்பவள் அவள்தான்.

"சொல்லு, தம்பி."

"மெல்லமாக் கதையுங்கோ. அம்மா வெளியில இருக்கிறா."

நடையில் பிலோமினம்மாவின் செபமாலை மணிகள் உரசும் சத்தம் கதவு வழியாக மெல்லக் கேட்டது.

"நாளைக்கு பைனல். போன கிழமை எனக்கு மண்டையில அடி விழுந்தது தெரியும்தானே? இப்ப நீங்கள் டெஸ்ட் வைப்பியள். நான் பாசாகிடுவன். ஆனா அது கள்ளப் பாஸ், அக்கா."

"எப்பிடிக் கள்ளம்?"

"சீசன் தொடங்கேக்கை பத்துச் சொல் வாசிச்சுப்போட்டு, திருப்பிச் சொல்லு எண்டனீங்கள். எனக்குப் பத்தும் ஞாபகம் இருந்தது. வேணுமெண்டே நாலுதான் சொன்னனான். பிறகு அடிபட்டு மூளை கலங்கினாலும் நாலாவது வருமெல்லோ? அப்பவும் நாலு, இப்பவும் நாலு. ஒரு மாற்றமும் இல்லை, போய் விளையாடு எண்டு விட்டிடுவியள்." குனிந்து சிரித்தான். "எங்கட டீமிலை கனபேர் இப்பிடித்தான் செய்யிறவங்கள்."

மெலனி கோபப்படவில்லை. திடுக்கிடவும் இல்லை. தேநீர்க் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஆறப்போகுது, குடி."

"ஏன் அக்கா பேசாமல் இருக்கிறியள்? உங்களைப் பேய்க்காட்டினனான். ரெண்டு ஏச்சாவது ஏசுங்கோ. கிரவுண்டிலை பெடியள் என்னை என்னெண்டு கூப்பிடுறவங்கள் தெரியுமோ?"

"புல்டோசர்."

"அட! உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒரு ரயில் போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"இப்ப கள்ளம் இல்லாமல் செய்து காட்டு, கொட்வின்."

அட்டை எதையும் பார்க்காமல், அவன் கண்களைப் பார்த்தபடியே, பத்துச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினாள். அவனும் பேசினான்.

"சரி. இனிச் சொல்லு."

"குடை… திறப்பு…" உற்சாகமாகத்தான் தொடங்கினான். "தேசிக்காய்… பொறுங்கோ… விசில்."

"விசில் எண்டு நான் சொல்லேல்லை."

"சொன்னீங்கள். இந்தா, கேக்குதே."

தலையைச் சாய்த்து ஜன்னல் பக்கம் காது கொடுத்தான். மெலனியும் தன்னையறியாமல் காது கொடுத்தாள். கீழே தெருவில் யாரும் விசில் ஊதவில்லை. அவன் கைகள் மட்டும், ஓடத் தயாராகிறவனுடையவை போல, ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்தன.

"கதவு," என்றான் கடைசியாக.

அதற்கு மேல் எதுவும் வரவில்லை. விரல்களை மடக்கி எண்ணினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல அழிந்தது.

"அப்ப நடிச்சு நாலு. இப்ப நான் நடிக்கேல்லை, அக்கா."

"தெரியும்."

"நடிக்காமலே நாலெண்டா…"

மேசையின்மேல் இருந்த தன் கையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலப் பார்த்தான்.

"நான் ஒண்டும் சொல்லமாட்டன்," என்றாள் மெலனி. "நீயே சொல்லு. நாளைக்குப் போறியோ?"

நடையில் செபமாலையின் சத்தமும் நின்றுபோயிருந்தது.

"இந்த பைனலுக்காக எவ்வளவு பாடுபட்டனான்! நான் போகாட்டி பெடியள் பயந்தாங்கொள்ளி எண்டு நக்கலடிப்பாங்கள்."

"அடிக்கட்டும்."

"இன்னொரு அடி விழுந்தால்?"

அவன் வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான்," என்றான். இரண்டு கைகளாலும் ஹெல்மெட்டைத் தூக்கி அவள் மேசையில் வைத்தான். தாடை வார் வெடித்து, நிறம் உரிந்திருந்தது அது. "எனக்கு வேண்டாம். நீங்களே வச்சிருங்கோ. நான் இனி விளையாடேல்லை."

"உண்மையாவோ?"

"அம்மாவாணை."

பாரத்தை இறக்கி வைத்தவனைப் போல எழுந்து, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். அவன் போனதும் பிலோமினம்மா உள்ளே வந்தார்.

"சொன்னவனோ, பிள்ளை?"

"சொன்னவன், அன்ரி. எல்லாத்தையும் சொன்னவன்."

"விட்டிட்டானோ?"

"விட்டிட்டான். உங்களிலை சத்தியம் பண்ணினவன்."

பிலோமினம்மா செபமாலைச் சிலுவையை முத்தமிட்டார். பிறகு கையிலிருந்த மரக்கறிக் கடைப் பையை விரித்து, ஹெல்மெட்டை உள்ளே வைத்து, தன் சால்வையால் மூடினார்.

"அடுத்த சனியும் இதே நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு வரட்டோ? இதைச் சொல்லிப்போட்டு வந்தால்தான் ராவைக்கு நித்திரை கொள்ளுறான்."

"கூட்டிக்கொண்டு வாங்கோ, அன்ரி."

நடையிலிருந்து கொட்வினின் குரல் கேட்டது.

"அம்மா, என்ரை ஹெல்மெட்டைக் கண்டனீங்களோ? நாளைக்கெல்லோ பைனல்!"

அந்த பைனல் நடந்து, அதில் அவனுக்கு இன்னொரு அடி விழுந்து, ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முதல் நாள் இதே நாற்காலியில் உட்கார்ந்து நாலு சொல்லைச் சொன்னவன், கள்ளத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருந்தான்.