பாவு இல்ல, பாய்

பிள்ளையார்பாளையத்தில், தறிக்குப் போகும் பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டும் கழிகளில் இன்று அரைத் தெரு நீளத்துக்கு வெள்ளைத் துணியொன்று காய்கிறது. அதன் கயிற்றை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு பட்டுக்கடைத் தினேஷ் நிற்கிறான். சென்னையில் கடலுக்குள் பாய்மரப் படகுப் பந்தயம் விடும் குழு, இந்த சீசனுக்கு அவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: என்ன காற்றடித்தாலும் கயிற்றை விடக்கூடாது. நாளைக்குச் சோதனை, இன்றைக்கு ஒத்திகை. எதிர்வீட்டு மயில்வாகனம் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமல் கேட்கிறார்: "என்னாப்பா, பாவுல கலரே காணோம்?" "பாவு இல்ல மாமா, பாய்." "பாயா? இம்மாம் பெருசுல யாருப்பா படுக்கிறது?" அம்மியே பறக்கிற ஆடி மாதம். காற்று பாய்க்குள் நுழைகிறது. கழிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கின்றன. உப்பிய பாய் மாடி உயரத்துக்கு எழும்பித் தெருவில் புறப்படுகிறது. பின்னாலேயே தினேஷும் போகிறான். எதிரே வந்த மாடு ஒதுங்கி வழிவிடுகிறது. "கைலி அவுருதுப்பா, புடி." "கயிறுல கை இருக்குது மாமா." குரல் தெருமுனையிலிருந்து வருகிறது. கடைசியில் பாய், டீக்கடைக் கூரையைப் போர்த்திக்கொண்டு அடங்குகிறது. அதன் உச்சியில் தினேஷ் உட்கார்ந்திருக்கிறான். கைலி பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது. கயிறு கையில் இருக்கிறது.