தம்பியின் ஆறு சிலிண்டர்

"சாவியைத் திருப்பாதீங்க! கையை எடுங்க! எடுங்கன்னு சொல்றேன்ல!"

கார் ஷெட் வாசலில் நின்று அவள் போட்ட கூச்சலில், டிரைவர் சீட்டில் இருந்த கணவன் சாவியைக் கீழே நழுவ விட்டான்.

செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. அவனைத் திரும்பிப் பார்க்காமல் நேராக வண்டியின் முன்பக்கம் போய், திறந்திருந்த பானெட்டுக்குள் தலையை விட்டாள்.

இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். ஆறு சிலிண்டர் இன்ஜின். இறந்துபோன அவள் தம்பியுடையது. அதில் சூப்பர்சார்ஜர் மாட்டுகிறேன் என்று ஒரு வாரமாகக் கணவன் ஷெட்டே கதியென்று கிடந்தான். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சமாசாரம் அது. சரியாக மாட்டினால் வண்டி பறக்கும். அவன் மாட்டியதை எல்லாம் சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"யார் மாட்டினது இதை?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

"கண்ணைப் பொத்திக்கிட்டு மாட்டினீங்களா? பெல்ட் ஓடற இந்த புல்லி எங்கே இருக்கு, அந்த புல்லி எங்கே இருக்கு! நடுவுல ரெண்டு விரல் கோணல். பெல்ட் ஒரு நிமிஷம் நிக்குமா? பிச்சுக்கிட்டுப் போய் ரேடியேட்டரைக் கிழிச்சிடும்!"

"ஓட ஓட சரியாயிடும்."

"ஓட ஓட சரியாகிறதுக்கு அது என்ன புதுச் செருப்பா?"

கத்திக் கத்தி அவள் குரல் கரகரத்தது. அப்போதும் விடவில்லை. சூப்பர்சார்ஜரின் அடியில் கையை விட்டுத் தடவினாள். முகம் இன்னும் சிவந்தது.

"ஆயில் கீழே இறங்க வேண்டிய பைப்பை மேல்நோக்கி வளைச்சு வச்சிருக்கீங்க. ஆயில் என்ன, ஏணி போட்டு ஏறிப் போகுமா? பெட்ரோலைப் பீச்சற இன்ஜெக்டரும் பழசு! காத்து ஒன்றரை மடங்கு உள்ளே போகும், பெட்ரோல் மட்டும் பழைய அளவே போகும். பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்துடும்! புது இன்ஜெக்டர் ஆறும் எங்கே?"

"டப்பாவுலயே இருக்கு."

"டப்பாவுல வச்சு அழகு பார்க்கவா வாங்கினோம்? பதினஞ்சு வருஷமா மெக்கானிக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரியறீங்க. உங்ககிட்ட விட்ட வண்டியெல்லாம் எப்படித்தான் வீடு போய்ச் சேருதோ!"

அவன் கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இறங்கினான். "உனக்கு எல்லாம் தெரியுமாக்கும்?"

"தெரியும்! ஒவ்வொரு பிஸ்டனையும் எடை போட்டுப் பார்த்து நானும் அவனும் மாட்டின இன்ஜின் இது. ரெண்டு வருஷ வேலை! சூப்பர்சார்ஜர் வந்த பெட்டியைப் பிரிக்கிறதுக்குள்ள காய்ச்சல்னு படுத்தான். நாலு நாள். நாலே நாள்!" வண்டியின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். "அவன் கை பட்ட இன்ஜினை ஒரு செகண்டுல கொல்லப் பார்த்தீங்களே! கேட்க அவன் இல்லைங்கிற தைரியமா?"

வேறொருவன் என்றால் அத்தோடு வாயை மூடியிருப்பான். இவன் மூடவில்லை.

"இரும்புதானே? போனா போகுது. வேற இன்ஜின் பார்த்துக்கலாம்."

ஸ்பேனர் பறந்தது. அவன் மேல் படவில்லை. அலமாரியில் இருந்த டப்பாவில் பட்டு, போல்ட்டும் நட்டும் ஷெட் முழுக்க உருண்டோடின.

சத்தம் கேட்டு அவளுடைய அம்மா ஓடி வந்தார். வாசலிலேயே நின்று, ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

"நீ ஏம்மா அழற? உன் மாப்பிள்ளை லட்சணத்தை வந்து பாரு!"

அம்மா மகளை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். அவன் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தான்.

"அத்தை, நீங்க குறுக்கே வராதீங்க. இது எங்க சண்டை." பிறகு மனைவியைப் பார்த்து, "இவ்வளவு பேசறியே, எப்படி மாட்டணும்னு நீதான் சொல்லேன் பார்ப்போம்" என்றான்.

"சொல்றதா? தள்ளிப் போய்யா!"

'நீங்க' என்பது காற்றோடு போயிற்று. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். பெல்ட்டைத் தளர்த்தி உருவி எறிந்தாள். ஆயில் பைப்பில் கை வைத்தாள்.

"பன்னிரண்டு நம்பர் ஸ்பேனர் எடு. இது இல்ல, மண்டு! வளைஞ்சது! டார்ச்சை எங்கே காட்டற? என் மூஞ்சியிலயா போல்ட் இருக்கு?"

அவன் டார்ச்சை இன்ஜின் பக்கம் திருப்பினான். அதை மாமியாரிடம் கொடுத்துவிட்டு நழுவினான்.

"எங்கே ஓடற?"

"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

ஷெட்டுக்குப் பின்னால் போனதும் சுவரில் சாய்ந்தான். கிரீஸ் விரல் வழுக்கி வழுக்கி, மூன்றாவது தடவைதான் போனில் எண்ணை அழுத்த முடிந்தது.

"டாக்டர், நான்தான்..." போனை அப்படியே சுவரை ஒட்டிப் பிடித்தான். உள்ளேயிருந்து, 'அறிவுகெட்ட மனுஷன், ஒரு போல்ட்டாவது ஒழுங்கா முடுக்கியிருக்கானா பாரு!' என்று கேட்டது.

"கேட்டுச்சா டாக்டர்? அவளேதான்! வேணும்னே எல்லாத்தையும் தப்புத் தப்பா மாட்டி வச்சேன். தம்பி போன அன்னிக்கு நின்ன பேச்சு... பதினோரு மாசமா ஒரு வார்த்தை வாயைத் திறக்காதவ, நிறுத்தாம திட்டறா டாக்டர்!"