மஞ்சள் கட்டம்

வேட்டைக்காரன் தன் செல்போனைத் துப்பாக்கியின் தொலைநோக்கியோடு சேர்த்து மாட்டினான். இனி திரையைப் பார்த்தே குறிபார்க்கலாம், சுடுவதைப் படமும் பிடிக்கலாம்.

செல்போனுக்குப் பெருமை தாங்கவில்லை. "முகம்னு ஒண்ணு கண்ணுல பட்டா போதும், அதைச் சுத்தி மஞ்சள் கட்டம் போட்டுடுவேன். வீட்ல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே நிப்பாங்க" என்று அளந்தது.

"இங்கே யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றது தொலைநோக்கி. அது பல வருஷமாக அந்தத் துப்பாக்கியிலேயே கிடப்பது.

புதருக்குப் பின்னாலிருந்து ஒரு மான் தலையை நீட்டியது. வாயில் பாதி மென்ற புல். செல்போன் ஆசையாகக் கட்டம் போட்டது. துப்பாக்கி வெடித்தது. கட்டம் மட்டும் திரையில் ஒரு நொடி நின்றது. அதற்குள் முகம் இல்லை.

"படம் சூப்பரா வந்திருக்கு!" என்றான் வேட்டைக்காரன்.

"ஐயோ, என்ன பண்ணிட்டீங்க?" என்று செல்போன் பதறியது.

"நீ காட்டினே, அவன் சுட்டான்" என்றது தொலைநோக்கி. "பிடிக்கலைன்னா அடுத்த தடவை கட்டம் போடாம இரு."

கொஞ்ச நேரத்தில் தாயைத் தேடிக்கொண்டு குட்டி வந்தது. போடக் கூடாது, போடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே செல்போன் கட்டம் போட்டது. குட்டியும் விழுந்தது.

சாயங்காலம் வீட்டில் வேட்டைக்காரனின் மகளுக்குப் பிறந்தநாள். கேக்குக்குப் பின்னால் நின்று அவள் பல் தெரியச் சிரித்தாள்.

"அப்பாவைப் பாரு, கண்ணு" என்று அவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

செல்போன் கட்டம் போட்டது. போட்டுவிட்டு, வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தது.