அச்சில் ஏறாத முகம்

சேர்மக்கனியின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை அச்சு இயந்திரம் மறுபடியும் மறுத்துவிட்டது. திரையில் ‘தீவிரவாதி முகம், அனுமதியில்லை’ என்று வந்தது. குடிதண்ணீர் ஏன் வரவில்லை என்று ஊர்க்கூட்டத்தில் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர்தான்.

"எமனே ஏத்துக்கிட்டான், இந்த மெசின் ஏத்துக்க மாட்டேங்கு," என்றார் அச்சகக்காரர் பொன்பாண்டி. "பேரு மட்டும் போட்டுருவமா தம்பி?"

"பொணத்த எடுத்துப்போடக்கூட பயந்துக்கிட்டு ஒருத்தரும் வரல அண்ணாச்சி. சுவத்துலயாவது அவ முகம் இருக்கட்டும்," என்றான் அவள் கணவன் அழகுவேல்.

பொன்பாண்டி கணினியில் அவள் மூக்கைச் சற்றுச் சிறிதாக்கினார். இயந்திரம் மறுத்தது. கண்களை அகலமாக்கினார். அப்போதும் மறுத்தது. தாடையை வட்டமாக்கி, சிரிக்கும்போது தெரியும் தெற்றுப்பல்லையும் நிரவிய பிறகு இயந்திரம் ஓடத் தொடங்கியது.

"பரவாயில்ல, ஊருக்குத் தெரியும்லா," என்றார், அவனைப் பார்க்காமல்.

அழகுவேல் தெரு முழுக்க ஒட்டிவிட்டு, கடைசியாகத் தன் வீட்டுச் சுவரில் ஒன்றை ஒட்டினான். பள்ளிவிட்டு வந்த மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இந்த அத்தைக்கும் அம்மா பேராப்பா?"

"ஆமா," என்றான்.