நாலு மணிச் சண்டை

"உன் தம்பி மாதிரி ஒரு சோம்பேறிய நான் பார்த்ததே இல்ல."

ஆபரேஷன் ஆகி மூன்றே நாளான மனைவியின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு மனுஷன் பேசுகிற பேச்சா இது? மருந்துத் தட்டோடு வந்த நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மாவுக்கு வலது நுரையீரலில் நீர்க்கட்டி. ஆறு மாதமாக வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்கல், நெஞ்சில் குத்தல். சளிதான் என்று சிரப்பாகக் குடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ஸ்கேனில்தான் விஷயம் தெரிந்தது. 'கட்டி' என்ற ஒரு வார்த்தையில் புருஷன்காரர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். புற்றுநோய் இல்லை, நீர் கோத்த பைதான் என்று டாக்டர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கட்டியை எடுத்தாயிற்று. ஆனால் சுருங்கிப்போன நுரையீரல் நன்றாக விரிந்தால்தான் விலாவில் செருகிய குழாயை எடுக்க முடியும். அதற்காக மூன்று பந்து வைத்த கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். அந்த அம்மா வலிக்குப் பயந்து நுனிமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு பந்து அசைந்தாலே அதிசயம்.

"இப்படியே இருந்தா சளி தங்கி காய்ச்சல் வந்துரும். மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்" என்று டாக்டர் காலையில்தான் எச்சரித்திருந்தார்.

இந்த லட்சணத்தில், தினமும் நாலு மணிக்கு வந்து சண்டை.

அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் தம்பி சோம்பேறின்னா, உங்க அண்ணனுக்கு என்ன பேரு? அவரு நாற்காலிய விட்டு எழுந்து எத்தனை வருஷமாச்சு?"

நடுவில் இருமல் வந்தது. சளியைத் துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நர்ஸ் புருஷன்காரரை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"ஐயா, நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். உங்க பொண்ணை அனுப்புங்க."

"ஐயோ சிஸ்டர், நாளைக்குத்தான் பெரிய சண்டை வெச்சிருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'இன்று தம்பி. நாளை மாமியார். மறுநாள் அவள் சமையல்.'

"மூச்சை இழு, மூச்சை இழுன்னு கெஞ்சிப் பார்த்துட்டேன். கேக்க மாட்டேங்கறா. கோபம் வந்தாத்தான் அவ அடிவயித்துலேர்ந்து மூச்செடுப்பா. முப்பது வருஷமா வாங்கிக் கட்டிக்கறவன், எனக்குத் தெரியாதா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறுபடி அவளை அந்த ரூமுக்குள்ள அனுப்ப எனக்குத் தெம்பு இல்ல சிஸ்டர்."

நர்ஸுக்கு, மனதுக்குள் அவரைத் திட்டியதையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. நாளைக்குக் கட்டாயம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

அந்த அம்மா வியர்த்து வழிந்து, விலாவைப் பிடித்தபடி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"அவரை வர வேண்டாம்னு சொல்லிட்டீங்களா சிஸ்டர்?"

"இல்லம்மா. ஆனா அவர் உங்களைக் கோபப்படுத்தறது எதுக்குன்னா..."

"எனக்கு எங்க கோபம் வந்துச்சு? என் தம்பின்னா அவருக்கு உயிரு. சீட்டைப் பார்த்துப் பார்த்துத் திட்டறாரே, அது கூடவா எனக்குத் தெரியாது?"

"அப்ப ஏம்மா, இவ்வளவு வலியோட பதிலுக்குச் சத்தம் போடறீங்க?"

"வீட்டுல உட்கார்ந்து யோசிச்சு யோசிச்சு எழுதிட்டு வர்றாரு. நான் பேசாம இருந்தா, அந்த மனுஷன் முகம் வாடிப் போயிடுமே."